குகை வாங்க வந்தவர்கள்

இல்லாத ஊருக்கு வழி சொல்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இல்லாத ஊருக்குச் சுவர், படி, பாலம் எல்லாம் செய்து விற்கிறவன் நான்.

நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடை உருட்டி, தங்கள் தலையெழுத்தைத் தெரிந்துகொள்வார்கள். கதை நடக்கிற குகையையும் கோட்டையையும் உள்ளங்கை அளவுத் துண்டுகளாகச் செய்வது என் வேலை. எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பொருந்தும். இன்றைக்குச் சிறைச்சாலையாக அடுக்கியதை நாளைக்கு அரண்மனையாக அடுக்கலாம். பட்டு நெசவுக்குப் பேர்போன பிள்ளையார்பாளையத்தில் மாடி அறை ஒன்று, த்ரீடி பிரிண்டர் இரண்டு, வண்ணம் பூச ரஃபீக் பாய். இவ்வளவுதான் கடை. சின்னதாக ஒரு கடை வைத்திருக்கும் யாருக்கும் இது தெரிந்திருக்கும்: வாடிக்கையாளர் வராவிட்டால் ஒரு கவலை, வந்துவிட்டால் வேறு கவலை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம்.

அளவு

சதீஷ் ஐயம்பேட்டைக்காரர். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தவர், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய கோட்டைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்: “மேஜை எவ்ளோ பெருசு?” “பெருசுதாண்ணா” என்றார். அளந்துகொண்டு வாருங்கள், பாதியை இப்போது வாங்குங்கள், மீதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், துண்டு துண்டாகச் செய்வதே அதற்காகத்தான் என்று எவ்வளவோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வருகிறார்களாம். முழுக் கோட்டையும் வேண்டுமாம்.

ஞாயிறு முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. அது இன்னும் மோசம். மறுநாள் காலையில் பாதிக் கோட்டையை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு சதீஷ் படியேறி வந்தார். என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: “மேஜை பெருசுதாண்ணா. வூட்டுல தறி போக மீதி எடத்துல மேஜையப் போட்டோம், மேஜை மேல கோட்டையப் போட்டோம், நாங்கதான் வெளிய நின்னுக்கினு ஜன்னல் வழியா ஆடினோம்.”

வெயில்

பிரிண்டரில் நாங்கள் போடும் பிளாஸ்டிக் அழகாக அச்சாகும், வண்ணமும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சூடு தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் மூடிய காருக்குள் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். சென்னையிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு தம்பதி, போகிற வழியில் என்னிடம் ஒரு கண்காணிப்புக் கோபுரம் வாங்கினார்கள். ஆட்டம் ஆடுகிறவர் கணவர். நிழலில் வையுங்கள் என்று அவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன். தலையாட்டிவிட்டு, “அப்படியே கோயிலுக்குப் போயிட்டுக் கெளம்பறோம்” என்று போய்விட்டார்.

கோயில் என்றால் காரை எங்கே நிறுத்துவார்? எனக்கு உட்கார முடியவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. ரஃபீக் பாய் மேஜையில் விரித்திருந்த துணியை உருவிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். நினைத்தபடியே கார் வெட்டவெளியில் நின்றது. பின்பக்கக் கண்ணாடி மேல் துணியைப் போர்த்திவிட்டு, பறக்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கிங் டோக்கன் கொடுப்பவர் இரண்டு முறை வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். ஒருவழியாக அவர்கள் பிரசாதத்தோடு வந்து டிக்கியைத் திறந்தார்கள். கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேறு செய்து தருகிறேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் மனைவி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்: “கோபுரம் சாஞ்சா கதையில எதையாவது சொல்லிக்கலாம் சார், மொதல்ல அதுக்குக் கீழ இருக்கிற முகூர்த்தப் புடவை நல்லா இருக்குதான்னு பாருங்க.”

சங்கிலி

எங்கள் தெருவில் என் கடை என்ன கடை என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அலமாரியில் எலும்புக்கூடும் இரண்டு தலைப் பிசாசும் இருக்கும்போது வேறு என்ன நினைப்பது? நவராத்திரிக்கு முன்னால் எதிர்வீட்டு ஜெயந்தி அக்கா, கொலுவில் பார்க் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று மாடியேறி வந்துவிட்டார். அவசரமாகப் பிசாசுகள் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன். புல்வெளி, கிணறு, மரப்பாலம் எல்லாம் எடுத்துக் காட்டினேன். அக்காவின் கண் எதிலும் நிற்கவில்லை. நான் மறைக்க மறந்த பாதாளச் சிறையில் போய் நின்றது. இடிந்த சுவர், இரும்புக் கம்பிக் கதவு, மூலையில் தொங்கும் சங்கிலி. நாளைக்குத் தெருவே பேசப்போகிறது என்று எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா அதைக் கையிலெடுத்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்பா, இதுல நம்ம கிருஷ்ணரைப் பொறக்க வெச்சிடலாமா?”

குழி

கயலையும் அவள் அம்மா கலைவாணியையும் நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் படபடப்பு வரும். முசரவாக்கத்துக்காரர்கள். அம்மாவுக்குப் பட்டுக் கடை ஒன்றில் சேல்ஸ் வேலை, கயல் காலேஜில் படிக்கிறாள். நண்பர்கள் கூட்டத்தில் கதை நடத்துகிறவள் அவள்தான். விழித்திரையில் ஏதோ கோளாறு. பார்வை சுருங்கிச் சுருங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. கயலை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அம்மா என்னை வாசல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: “இனிமே ஆடலம்மான்னு சொல்லிக்கினு இருக்கா தம்பி. நான்தான் வம்படியா இட்டுக்கினு வந்தேன். ஏதாவது ஒண்ணு அவளுக்குப் பிடிக்கணும்.”

இருப்பதிலேயே நல்லதைக் கொண்டுவந்து வைத்தேன். கயல் விரலால் தடவிப் பார்த்தாள். “அண்ணா, இது தரையா?” அது ஆறு. ரஃபீக் பாய் நீலத்தின் மேல் நீலமாகப் பூசி உயிரைக் கொடுத்து வரைந்த ஆறு. விரலுக்கு அது வெறும் பலகை. அடுத்தடுத்து வைத்த எல்லாமே அப்படித்தான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். ரஃபீக் பாய்தான் கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். “வாம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். எது எதுன்னு எனக்கும் தெரியல” என்றார்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். மண்தரைக்குப் பசை தடவி மணல் தூவினோம், புல்லுக்குத் தேங்காய் நார், தண்ணீருக்குக் கண்ணாடி மாதிரி வழவழவென்று வார்னிஷ். தடவும்போது நகராமல் இருக்க ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் காந்தம், அது பிடிக்க மேஜை மேல் ஒரு இரும்புத் தகடு. கயல் ஒவ்வொன்றையும் தொட்டு, வேண்டும் வேண்டாம் என்று பிரித்தாள். கடைசியில், கைப்பிடி இல்லாத ஒரு பாலமும் அதற்குக் கீழே ஆழமாக ஒரு குழியும் கேட்டாள். அம்மா எழுந்துவிட்டார். “குழி மட்டும் வேணாம் தம்பி. தெருவுல இருக்கிற பள்ளத்துக்கே தெனம் பயந்துக்கினு கெடக்கறேன், இதுல இன்னொண்ணை வெலைக்கு வாங்கணுமா?” நான் யார் பக்கம் பேசுவது? ரஃபீக் பாயைப் பார்த்தேன், அவர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். கயல்தான் அம்மா குரல் வந்த பக்கம் திரும்பிச் சொன்னாள்: “குழியே இல்லாத குகைக்கு யாரும்மா வருவாங்க?”

படி

வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன் ஒரு தடவை கடையிலேயே ஆடிப் பார்க்கிறேன் என்றாள் கயல். நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். காந்தம் பிடிக்குமா, நார் உதிருமா என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கயல் ஆரம்பத்தில் தடுமாறினாள். ஒரு துண்டைத் தொட்டுவிட்டு அடுத்த துண்டு எங்கே என்று விரல் காற்றில் தேடியது. பிறகு விரல் பழகிவிட்டது. ஈர மண், புல், தண்ணீர் என்று தொட்டபடியே கதை ஓடியது.

இருபது முகம் உள்ள பகடையில் என்ன விழுந்தது என்பதை அவரவரே படித்துச் சொன்னார்கள். தினேஷ் என்ற பையனுக்கு மட்டும் எப்போது உருட்டினாலும் பெரிய எண்ணாகவே விழுந்தது. மற்ற இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவனுடைய வீரன் பொம்மை பாலத்துக்கு வந்தபோது கயல் கதையை நிறுத்தினாள். பாலத்தில் சின்ன எண் விழுந்தால் நேராகக் குழிதான். “தினேஷு, உன் லக்கு இன்னிக்கு ஓவரா இருக்குது. அம்மா, இந்த வாட்டி நீ வந்து படி.”

தினேஷ் உருட்டினான். அம்மா குனிந்து பார்த்தார். எனக்கும் தெரிந்தது: மூன்று. தினேஷ் கயலுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். அம்மா அவனைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இப்போது இவர் இரக்கப்பட்டு ஒரு பொய் சொன்னால், இனி இந்தப் பெண் யார் படித்தாலும் நம்பமாட்டாளே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

“மூணு” என்றார் அம்மா.

கயல் பாலத்தின் விளிம்பைத் தடவி, அந்த வீரனைக் கண்டுபிடித்து, ஒரே விரலால் தள்ளினாள். குழியின் அடியில் டக்கென்று ஒரு சத்தம். தினேஷ் தலையில் கைவைத்துக்கொண்டான், மற்றவர்கள் கத்தினார்கள், எல்லாருக்கும் மேலாகக் கயல் சிரித்தாள். அம்மா அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து, மகளுக்குக் கேட்காதபடி கேட்டார்: “அந்தப் புள்ள உள்ள வுழுந்துட்டானே, மேல ஏறி வர படி ஏதாவது இருக்குதா தம்பி?”

இந்தத் தொழிலில் சரக்கு தீர்ந்துபோகிற நாள் உண்டு, கவலை மட்டும் எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும்.