வெள்ளையம்மா கட்டிக்கொண்ட உருமா

காளியப்பன் காய்ச்சலில் செத்தபோது விட்டுப்போனது இரண்டு கறவை மாடு, ஒரு கொட்டகை, உடம்பில் கட்டியிருந்த வேட்டி. வேட்டியை அவரோடே புதைத்துவிட்டார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு துணி கண்ணில் படுவதே அபூர்வம். சின்ன மகன் கனகராஜ் அதற்காக இரண்டு நாள் அழுதான். அப்பாவுக்காக ஒரு நாள்.

மாடுகளைப் பார்த்துக்கொண்டவள் மகள் வெள்ளையம்மா. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்த, இவள் உலு திராம் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்தாள். புல் அறுப்பது, பால் கறப்பது, சாணி அள்ளுவது எல்லாம் அவள்தான். ஆனால் கருமாதியன்று தாய்மாமன் எந்த மகன் தலையில் உருமாத் துண்டு கட்டுகிறாரோ அவன்தான் குடும்பத் தலைவன். சொத்தும் அவனுக்கே. மாடு போனால் வெள்ளையம்மாவுக்குச் சோறு போச்சு. மூத்தவன் அர்ச்சுனனின் பெண்டாட்டி செல்வராணி அதை ஒளிக்கவும் இல்லை.

"கருமாதி முடிஞ்சதும் நீ வேற எடம் பாத்துக்க லா. எங்களுக்கே கஞ்சி பத்தல."

"மாட்டுக்குக் காம்பு எத்தனைன்னு சொல்லுங்க அண்ணி, அப்புறம் பாக்கலாம்."

அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போய்ச் சதாசிவம் மாமாவைப் பார்த்தார்கள். ஒருவன் மரவள்ளிக்கிழங்கு கொடுத்தான், மற்றவன் கருவாடு. மாமா இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

கருமாதிக்கு முதல் நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசலில் நின்று சொன்னார்: "சயாம்ல ரயில் ரோடு போட ஜப்பான்காரனுக்கு ஆள் வேணுமாம். ஒவ்வொரு வீட்டுலயும் குடும்பத் தலைவனைப் புடிக்கப் போறாங்களாம்."

அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன யாரும் அதுவரை திரும்பவில்லை.

மறுநாள் மாமா, அரிசிச் சாக்கைக் கிழித்து மஞ்சள் பூசிய துண்டோடு நின்றார்.

"மூத்தவனே, வாப்பா."

"தம்பிதான் மாமா அப்பாவுக்குச் செல்லம்" என்றான் அர்ச்சுனன்.

"அலமாக்! அண்ணன் இருக்கையில நான் கட்டினா ஊரு சிரிக்கும்" என்றான் கனகராஜ்.

வெள்ளையம்மா முன்னால் வந்தாள். "அப்ப எனக்குக் கட்டுங்க மாமா."

"பொம்பளைக்கு உருமாவா? எங்கயாச்சும் உண்டா?"

"சாக்கைத் தலையில கட்டுறது மட்டும் எங்க உண்டு?"

மாமா யோசித்தார். விருந்துக்கு வேகவைத்த கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணு. உருமா யாருக்கோ அவங்களுக்குத்தான் மாடு. எல்லார் முன்னாடியும் அண்ணன் சொல்லட்டும்" என்றாள் வெள்ளையம்மா.

"மாடு, கொட்டகை எல்லாம் உனக்குத்தான்மா" என்றான் அர்ச்சுனன். செல்வராணி கிள்ளியது அவனுக்கு உறைக்கவில்லை. மாமா வெள்ளையம்மாவின் தலையில் உருமாவைக் கட்டினார்.

அடுத்த வாரம் லாரி வந்தது. குடும்பத் தலைவனையெல்லாம் தேடவில்லை. கையில் அகப்பட்டவனை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணனும் தம்பியும் ரப்பர்க் காட்டுக்குள் ஒளிந்து தப்பினார்கள். வெள்ளையம்மா கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் சீண்டவில்லை.

காட்டிலிருந்து வந்ததும் அர்ச்சுனன் நேராகக் கொட்டகைக்குப் போனான்.

"உருமாவைப் பத்தி ஒருத்தனும் கேக்கல. மாட்டைக் குடு."

"கருமாதிக்கு வந்த அத்தனை பேரையும் கூட்டிட்டு வாண்ணே. அன்னைக்கு நீ ஏன் வேணாம்னு சொன்னேன்னு அவங்க முன்னாடி சொல்லிட்டு, ஓட்டிட்டுப் போ."

அர்ச்சுனன் வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

மறுநாள் காலையில் பிள்ளைக்குப் பால் வேண்டுமென்று குவளையோடு வந்தான். வெள்ளையம்மா நிறையவே ஊற்றிக் கொடுத்தாள். போவதற்கு முன்னால் சாணியை அள்ளிப் போடச் சொன்னாள்.

அள்ளினான்.