வலது பக்கச் சுவர்

ஆபீஸ்களுக்கு உள்ளலங்காரம் செய்வது என் தொழில். கேட்பதற்குப் பூத்தொட்டி வைக்கிற வேலை மாதிரி இருக்கும். உண்மையில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாருக்கு முதுகைக் காட்ட வேண்டும், யார் சிரிப்பது யார் காதில் விழக் கூடாது என்று முடிவு செய்கிறவள் நான். பதினைந்து வருஷமாக டெல்லியில் இதைச் செய்து துவாரகாவில் ஒரு ஃப்ளாட்டும், உடம்பு கொள்ளாத திமிரும் சேர்த்திருக்கிறேன்.

"எங்க கல்ச்சரே வேற மேடம்" என்று ஒவ்வொரு முதலாளியும் சொல்வார். கடைசியில் எல்லோருடைய கல்ச்சரும் நாலு பீன் பேக்கிலும் ஒரு பச்சைச் சுவரிலும் வந்து நிற்கும். அதை நான் அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது?

ஓக்லாவில் ஒரு கம்பெனி. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களைக் கவனிக்கிற இடம். அப்பா ஆரம்பித்ததை மகன் எடுத்திருந்தான். முப்பது வயது, வெளிநாட்டுப் படிப்பு, காலில் வெள்ளை ஷூ. யாருக்கும் நிரந்தர மேஜை கூடாது, வந்தவர் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவன் ஆசை. நான் வழக்கப்படி ஒவ்வொரு டீமோடும் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தேன். சேல்ஸ் பையன்கள் ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். அவர்களுக்கு உயர மேஜை. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு வெளிச்சம் ஆகாது. அவர்களுக்கு மங்கல் விளக்கு. மூன்றாவதாக, க்ளெய்ம் டீம். நாள் முழுக்க ஃபோனில் சாவும் விபத்தும் கேட்கிற இருபது பேர்.

அந்த இருபதில் ஒரு பெண்மணி தமிழ். ஐம்பது வயதிருக்கும், கரோல் பாக்கில் வீடு, பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மூலையில், ஏ.சி. காற்று எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தார். கணவனைப் பறிகொடுத்த யாரோ ஒருத்தியிடம் ஹிந்தியில் அவர் பேசியதைக் கேட்டு நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். அந்த டீமில் அவர்தான் ராணி. ஆனால் பக்கத்து மேஜைப் பெண் என்னிடம் கிசுகிசுத்தாள்: "ரொம்ப கர்வம் மேடம். கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டாங்க."

நான் அவருக்குப் பின்னால், வலது பக்கச் சுவரோரமாகப் போய் நின்று, "அக்கா, நீங்க தமிழா?" என்றேன். பதில் இல்லை. இன்னும் ஒரு தரம் கேட்டேன். ஊஹூம். இடது பக்கம் சுற்றி வந்து கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. எனக்குப் பொறி தட்டியது. ஹெட்ஃபோன் இடது காதில். வலது பக்கம் முழுச் சுவர். மத்தியானம் சாப்பிடும்போதும் வரிசையின் வலது கோடி நாற்காலிதான்.

மாடிப்படியில் வைத்து மெதுவாகக் கேட்டேன். யாரும் வரவில்லை என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பன்னண்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தது. அதோட இந்தக் காது போயிடுத்து. எங்காத்துக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷமா இங்க ஒரு பிராணிக்குத் தெரியாது."

"எல்லாரும் உங்களைத் திமிருன்னு நெனைக்காங்களே அக்கா."

"நெனச்சுக்கட்டுமே! திமிர்னா மரியாதையாவது இருக்கும். செவிடுன்னு தெரிஞ்சா என்ன இருக்கும்? முதல்ல ஃபோனைப் பிடுங்குவா. எனக்கு இந்த ஃபோன் வேலைதாம்மா எல்லாம். கத்துறது, அழறது, ஜல்தி ஜல்தின்னு திட்டுறது, எல்லாத்தையும் ஒத்தைக் காதால சமாளிச்சுண்டிருக்கேன். இந்த மூலை மட்டும் போயிடக் கூடாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா. நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

வரைபடம் தயாரானது. நாற்பது மேஜை, யாருக்கும் சொந்தமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மூலையில், வலது பக்கம் சுவரோடு, அவருக்கென்று. இந்த மாதிரி ஒன்றுக்கு விளக்கம் கேட்டால் என்ன சொல்வது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். "ஃபயர் ரூல் சார்." அவ்வளவுதான். எந்த முதலாளியும் மறுபேச்சுப் பேச மாட்டார். எனக்குப் பிடித்த அலமாரிக்கும் ஜன்னலுக்கும் எத்தனையோ தடவை அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தில் அந்த இளம் முதலாளியும், ஊழியர் விவகாரம் பார்க்கிற ஒரு அம்மாளும் இருந்தார்கள். அவன் பேனாவால் அந்த மூலையைத் தட்டினான். "இது என்ன, சர்க்கார் ஆபீஸா? இவங்களுக்கு மட்டும் எதுக்கு சொந்த மேஜை?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அச்சா, அவங்களும் மதராஸி, நீங்களும் மதராஸி. அதானே?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! ஊர்ப்பாசத்தில் கோடு கிழிக்கிறவளா நான்? என் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும் போல் இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன பயன். ஃபயர் ரூல் என்றால் வாயை மூடுவார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் என்னைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் சொன்னேன். காது, சுவர், ஹெட்ஃபோன், சாப்பாட்டு நாற்காலி, எதையும் விடவில்லை. பொன்னுக்கு வீங்கி வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே இனித்தது.

அவன் கண் கலங்கிவிட்டது. "வாவ்! இதுதான் மேடம் நம்ம கல்ச்சர்!" என்று எழுந்து வந்து என் கையைக் குலுக்கினான். "அவங்களுக்குத் தெரிய வேண்டாம், ரகசியமா வைங்க" என்று நான் சொன்னது அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. நானும் அதை இரண்டாம் முறை சொல்லவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது, கெடுவது தவளை. நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

திறப்பு விழா அன்று காலையிலேயே அக்கா எனக்காகக் காத்திருந்தார். பட்டுப்புடவை. கையில் ஒரு டப்பா தட்டை. தன் மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னபடி செஞ்சுட்டேள்மா. நன்னா இருப்பேள்." நான் தட்டையை வாங்கிக்கொண்டு, "அதனால என்னக்கா" என்றேன். எனக்கு வெட்கம் இருந்திருந்தால் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு இளம் முதலாளி மைக்கைப் பிடித்தான். சுற்றிலும் நான் போட்ட கண்ணாடி. சத்தம் பட்டுப் பட்டு எதிரொலித்தது. அக்கா எனக்கு வலது பக்கம் நின்று, எதுவும் பிடிபடாமல், பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நம் டிசைன் மனிதர்களைக் கவனிக்கிறது, பதினோரு வருஷமாக ஒரு காது கேட்காமல் தனியாகப் போராடிய நம் சகோதரி, இனி அவர் தனியாக இல்லை. பெயரைச் சொன்னான். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது.

அக்கா என் பக்கம் குனிந்தார். "என்னம்மா, என் பேரா சொன்னா? எதுக்குத் தட்றா?"

அவருடைய இடது காதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க காதைப் பத்தித்தான் அக்கா சொல்லுதாங்க."

அவர் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுத்துவைக்க நேரமில்லாமல் போனது போல. மைக்குக்கு நடந்து போய்க் கும்பிட்டு, "தன்யவாத்" என்றார். ஒரு பெண் ஓடிவந்து அவர் மேஜையில் காது படம் போட்ட நீல ஸ்டிக்கரை ஒட்டினாள். அதற்கும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே அக்காவிடமிருந்து ஃபோனை எடுத்துவிட்டார்கள். அன்பாகத்தான் எடுத்தார்கள், இனிமேல் நீங்கள் சிரமப்படக் கூடாது என்றார்களாம். காகிதம் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அக்கா எனக்கு ஃபோன் செய்தார். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லாரும் கத்தறாம்மா. கேக்கற காதுலயும் கத்தறா. மூஞ்சிக்கு நேரே கையைக் கையை ஆட்டறா, கொழந்தைக்குப் பண்ற மாதிரி. டீ கொண்டுவரவன் கூட சைகைல கேக்கறான்."

"நல்லதுக்குத்தானே செய்யுதாங்க அக்கா. கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றேன். அவர், "ஒரு மனுஷிகிட்டதான் சொன்னேன்" என்றார். வைத்துவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த மூலை என் வெப்சைட்டில் முதல் படமாக இருக்கிறது. சாயங்கால வெயில் விழுகிற நேரம் பார்த்து எடுத்த படம், நீல ஸ்டிக்கரோடு. புது வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். எடுத்துவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். எடுக்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் ராஜீவ் சௌக்கில் துவாரகா மெட்ரோ ஏறினேன். பெண்கள் பெட்டி. வரிசையின் கோடி இருக்கையில், வலது தோள் கண்ணாடித் தடுப்பில் பட, அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

"அக்கா" என்றேன். அவர் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான்தான். மன்னிச்சிருங்க அக்கா."

இமை கூட அசையவில்லை. ரயில் இரைச்சலில் கேட்கவில்லையோ என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது ஆறுதலாகக் கூட இருந்தது. ஜண்டேவாலான் தாண்டியதும் எனக்கு இடது பக்கம் இருந்த கல்லூரிப் பெண் தன் மொபைலிலிருந்து தலையைத் தூக்கி, பொதுவாக, முணுமுணுப்பாக, அடுத்தது கரோல் பாக்தானா என்று ஹிந்தியில் கேட்டாள்.

"ஹான் பேட்டா, அடுத்தது கரோல் பாக்தான். நானும் அங்கேதான் இறங்கறேன், வா" என்று அதே ஹிந்தியில் அக்கா சொன்னார். என்னைத் தாண்டி, அந்தப் பெண்ணைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு எழுந்து அவளோடு இறங்கிப் போனார்.