பூங்கொடி பார்த்த ஏழு நிமிடம்

‘செத்தவங்க சங்கம்’ என்று பெயர் வைத்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் சாவுச் செய்தியை எப்படிப் போடுவது என்று தெரியாமல்தான் ரபீக் அன்று காலை என்னை அழைத்தான். நான் கடையில் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, பூங்கொடி அக்கா பூட்டாங்க,” என்றான். “ரீடிங் எடுக்க கெளம்பிக்கினு இருந்தாங்களாம். செருப்பு மாட்டும்போதே நெஞ்ச புடிச்சினு ஒக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. குரூப்புல நீங்களே போட்டுடுங்க. என்னால முடியல.”

குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். வேடிக்கையாக இருக்கட்டும் என்று வைத்தது. அன்று அந்தப் பெயருக்குக் கீழே நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். கடைசியில், ‘நம் பூங்கொடி இன்று காலை காலமானார்’ என்று மட்டும் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நான் முகம் பார்த்திராத ஆட்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘எந்தப் பதிப்பு வாங்குவது என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னவர்’ என்று ஒருவர். ‘திருத்தும்போதும் என்னை முட்டாளாக்காதவர்’ என்று இன்னொருவர். நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று நினைத்தேன். அவர் உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை, அதற்குள் எனக்கு அவர்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு எழுதும் அஞ்சலி அவருக்கு மரியாதையாகாது.

எங்களை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் என் கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. ஞாயிறு மதியம் அங்கே எட்டுப் பத்துப் பேர் கூடிப் பழைய ஜாம்பி படங்கள் பார்ப்போம். படம் முடிந்ததும் சண்டை தொடங்கும். ஒரே படம் ஐந்து நாடுகளில் ஐந்து விதமாக டிஸ்க்கில் வந்திருக்கும். ஒன்றில் நிறம் நன்றாக இருக்கும், வசனம் உதட்டோடு ஒட்டாது. இன்னொன்றில் ஒலி நன்றாக இருக்கும், தணிக்கைக்காரர்கள் குடலை உருவும் காட்சிகளையெல்லாம் வெட்டியிருப்பார்கள். எதை வாங்குவது? இதைப் பற்றி ஒன்பது வருடமாக இணையத்தில் எழுதிவருகிறேன். நானூறு டிஸ்க்குகளுக்குமேல் வைத்திருக்கிறேன். பூங்கொடி வரும்வரை அந்த அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

அவரை அழைத்துவந்தது ரபீக். அவனுடைய செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த ஜாம்பி பட போஸ்டரைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஐம்பது வயதை ஒட்டியவர். மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். கல்வராயன் மலையில் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்ப்பது வேலை. அன்று நான் ஐரோப்பாவில் வந்த ஒரு டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, நூறு நிமிடப் படம் இதில் தொண்ணூற்றாறு நிமிடம்தான், நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள், யாரும் வாங்காதீர்கள் என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன்.

“வெட்டல சார்,” என்று ஓரத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “சினிமா செகண்டுக்கு இருவத்திநாலு படம் ஓடும். அந்த ஊரு டிவிக்கு இருவத்தஞ்சு. அதனால வேகமா ஓடி சீக்கிரம் முடிஞ்சிடுது. கொரலு கூட கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும், கேட்டுப் பாருங்க.”

கேட்டுப் பார்த்தோம். கீச்சென்றுதான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே நான் அதைப் பற்றி எழுதி, பலரையும் அந்த டிஸ்க்கை வாங்கவிடாமல் செய்திருந்தேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் தோணுச்சி சார். அப்பறம் கணக்கு போட்டுப் பாத்தேன்,” என்றார். அவரும் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு ஆளை வெறுக்கக் காரணம் கிடைத்திருக்கும்.

அதன்பிறகு ஐந்து வருடம் ஞாயிறு தவறாமல் வந்தார். என்னிடமிருந்து டிஸ்க் இரவல் வாங்கிப்போவார். திருப்பித் தரும்போது, நான் ஆறு வருடம் வைத்திருந்தும் கவனிக்காத ஒன்றைச் சொல்வார். ஒருமுறை நான் வானளாவப் புகழ்ந்த ஒரு புதிய பதிப்பைத் திருப்பித் தந்து, “ரொம்ப தொடச்சிட்டாங்க சார். ஃபிலிம்ல இருக்கற புள்ளி புள்ளிய எல்லாம் எடுத்துட்டா செத்தவன் மொகம் மெழுகு பொம்ம மாதிரி ஆயிடுது. பழசே பரவால்ல,” என்றார். போட்டுப் பார்த்தேன். மெழுகுதான். புதிதாக வருகிறவர்களிடம், “அட்டைய பாத்து வாங்காத, நிமிஷத்த பாத்து வாங்கு,” என்பார். அது எங்கள் குழுவின் வேதவாக்காகிவிட்டது. ஓடும் ஜாம்பி உசத்தியா, நடக்கும் ஜாம்பி உசத்தியா என்று நான் மூன்று பாகத்தில் கட்டுரை எழுதினேன். அவர் ஒரே மூச்சில் முடித்தார்: “ஓடறவன் களைச்சி நின்னுடுவான்னு ஒரு நம்பிக்க இருக்கும் சார். நடக்கறவன்கிட்ட அது கெடயாது. நான் மலை ஏறதில்லயா? மழ வந்தா நிக்கிறனா?” என் கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை. இதை எல்லோரும் சொல்கிறார்கள்.

இனி உப்பளப் படத்துக்கு வருகிறேன். ஒரு பழைய ஐரோப்பியப் படத்துக்கு எங்களுக்குள் வைத்த பெயர் அது. கடலோர உப்பளத்தில் புதைந்துபோன கூலியாட்கள் எழுந்து ஊருக்குள் நடந்து வருவார்கள். பூங்கொடி அதைச் சிறுவயதில், சின்னசேலத்தில் அவருடைய மாமா வைத்திருந்த வீடியோ கடையில், கேசட்டில் பார்த்தவர். அதில் ஒரு காட்சி உண்டு என்று சொன்னார். செத்துப்போன ஒரு பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வருவாள். யாரையும் கடிக்க மாட்டாள். மழை தூறத் தொடங்கும். கொடியில் காயும் துணிகளை எடுத்து, மடித்து, வாசலில் வைத்துவிட்டு மறுபடியும் மற்றவர்களோடு சேர்ந்து நடந்துபோய்விடுவாள். அந்தக் காட்சிக்காகத்தான் தான் ஜாம்பி படமே பார்க்கத் தொடங்கியதாகச் சொன்னார்.

என்னிடம் அந்தப் படத்தின் மூன்று பதிப்புகள் இருந்தன. எதிலும் அப்படி ஒரு காட்சி இல்லை. முதல்முறையாக அவர் தவறு செய்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அன்றே எழுதினேன். ‘உலகில் யாரிடமும் இல்லாத சின்னசேலம் பதிப்பு’ என்று தலைப்பு வைத்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். குழுவில் யார் எதை மாற்றிச் சொன்னாலும், ‘இது சின்னசேலம் பதிப்பா?’ என்று கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. பூங்கொடியும் கூடவே சிரித்தார்.

மறு ஆண்டு ஆடி மாதம், ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது அந்தப் படத்தின் புதிய பதிப்பு ஒன்றை வாங்கிவந்தான். அட்டையில் ஏழு நிமிடம் கூடுதலாகப் போட்டிருந்தது. எல்லா நாட்டு டிஸ்க்கும் ஓடும்படி ரபீக் மாற்றிக் கொடுத்த பிளேயரில், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் தனியாகப் பார்த்தேன். ஐம்பதாவது நிமிடத்துக்குமேல் படத்தின் நிறம் சட்டென்று மங்கியது. வேறு ஏதோ தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதி. ஒரு பெண் ஓட்டு வீட்டு முன்னால் வந்து நின்றாள். தூறல் விழுந்தது. துணிகளை எடுத்தாள்.

டிஸ்க்கை எடுத்து மேசையின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு யாரோ ‘சின்னசேலம் பதிப்பு’ என்றபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

பதினான்கு மாதம் அப்படியே போயிற்று. புரட்டாசியில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நடந்த கண் பரிசோதனை முகாமுக்குக் கண்ணாடி அளவு எடுக்கப் போயிருந்தேன். மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப்போட்டிருந்த களத்து ஓரம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். “தோ, ரீடிங்கம்மா வராங்க!” என்று ஒருத்தி எழுந்தாள். பூங்கொடிதான். ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது, பலாச்சுளை வந்தது, உட்கார ஒரு கோணி வந்தது. அந்த மலைக்கு நான் நான்காவது முறையாக வந்திருந்தேன். எனக்கு யாரும் கோணி போட்டதில்லை.

சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு நான் சோதித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: “இந்தம்மா படக்கத எல்லாம் சொல்லும் சார். அந்த உப்புக்கார பொம்பள செத்துப்போயும் மழைக்கு துணி எடுத்து வெச்சிட்டு போவாளே, அத நெனச்சா எனக்கு இன்னமும் அழுவ வருது.”

“அது படத்துல இல்லயாம்க்கா,” என்றார் பூங்கொடி. “சாரு எல்லாத்தயும் பாத்துட்டு சொல்லிட்டாரு. நானா எப்பவோ கனவு கண்டிருப்பேன் போல.”

கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார்.

மாலைப் பேருந்தில் இருவரும் ஒன்றாக மலையிலிருந்து கீழே வந்தோம். பக்கத்து இருக்கையில் அவர். மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ சொல்லிவிட்டேன். “அந்த சீன் இருக்குது மேடம். என்கிட்டயே இருக்குது.”

“எப்ப பாத்தீங்க?”

“போன வருஷம் ஆடியில.”

விரல் விட்டு எண்ணினார். “பதினாலு மாசம்.” பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க மாமாவுக்கு போன் போட்டு கேட்டேன் சார். அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எனக்கு புத்தி பெசகிக்கினு வருதோன்னு பயந்துட்டேன். எங்கம்மாவுக்கு அப்பிடித்தான் ஆரம்பிச்சிது. இல்லாதத இருந்துச்சின்னு சொல்லிக்கினு இருந்தாங்க. கடைசில என்னயே யாருன்னு கேட்டாங்க. ஒங்களுக்கு அது தெரியாது.”

தெரியாது. நான் கேட்டதே இல்லை.

“ஏன் சார் சொல்லல?”

“பொறாம,” என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

“என்மேலயா? என்கிட்ட இன்னா சார் இருக்குது?” என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கச்சிராயபாளையத்தில் பேருந்து நின்றதும், கள்ளக்குறிச்சி வரைக்கும் சீட்டு வாங்கியிருந்தவர், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்று ஞாயிறு வரவில்லை. நான்காவது ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “போடுங்க,” என்றார். அந்த ஏழு நிமிடத்தையும் போட்டேன். அந்தப் பெண் நடந்துபோனதும், “நிறுத்துங்க. திரும்ப போடுங்க,” என்றார். இரண்டாம் முறை முடிந்ததும் சிரித்துவிட்டார். “நீலத்துணின்னு நெனச்சினு இருந்தேன் சார். பச்ச! ஒரு கொழந்தையும் நிக்கும்னு நெனச்சேன், அது இல்ல. பாருங்க, பாதிய நான்தான் சேத்திருக்கறேன்.” தான் தவறாக நினைத்திருந்ததைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பதினான்கு மாதம் அவரை வதைத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் அந்தத் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எதற்குப் பொறாமைப்பட்டேன் என்று.

கிளம்பும்போது, “குரூப்புல நீங்களே எழுதிடுங்க. நான் எழுதினா நல்லா இருக்காது,” என்றார்.

எழுதினேன். என் இணையப் பக்கத்தில் எழுதி, குழுவில் பகிர்ந்தேன். அதிலும் ஒரு பித்தலாட்டம் செய்தேன். ‘நீண்ட தேடலுக்குப் பின் இந்த வாரம் என் கைக்குக் கிடைத்த பதிப்பில்’ என்று தொடங்கினேன். பாராட்டெல்லாம் எனக்கு வந்து குவிந்தது. தொலைந்த காட்சியைக் கண்டுபிடித்தவன் நான் என்றார்கள். பூங்கொடி ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டார். அதன்பின் அவர் இருந்த எட்டு மாதத்தில் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. இரவல் டிஸ்க் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

காரியத்தன்று அவர் வீட்டுக்குப் போனோம். மகள் மேகலா அலமாரியைத் திறந்து காட்டினாள். பதினோரு டிஸ்க்குகள். அவ்வளவுதான் அவர் சொந்தமாக வைத்திருந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். என்னிடம் தனியாக வந்து, “சார், அம்மா தேடிக்கினு இருந்த சீன நீங்கதான் வெளிநாட்டுல இருந்து வரவழிச்சி காட்டுனீங்களாமே. அம்மா சொன்னாங்க. ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றாள்.

அந்த வீட்டில் நின்று அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மேகலா, நண்பர்களே, அந்தக் காட்சியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உன் அம்மா அதைச் சிறுவயதில் பார்த்தார், நாற்பது வருடம் ஞாபகம் வைத்திருந்தார். நான் அதைப் பதினான்கு மாதம் பூட்டி வைத்தேன். நான் எழுதிய இரண்டு பதிவுகளிலும் இதைச் சேர்த்துத் திருத்திவிட்டேன். அலமாரியிலிருந்து எதையும் எடுத்துவரவில்லை.

போன ஞாயிறு, புதிதாக வரவிருக்கும் ஒரு பதிப்பைப் பற்றி ரபீக் கேட்டான். பழையதே போதுமா, இதை வாங்கலாமா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் வருவதற்கு முன்பு பார்த்ததைப் போலவே, என்னை மட்டும். ஐந்து வருடமாக நான் ஏங்கியது அதற்குத்தான். “தெரியல ரபீக், பாத்துட்டு சொல்றேன்,” என்றேன். பூங்கொடி வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த அறையில் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அது. நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லும்போது காது சுட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதை அவர் எப்படி அவ்வளவு லேசாகச் சொன்னார் என்ற பொறாமையும் கூடவே இருக்கிறது. அது இருக்கட்டும்.