பதினொரு மணிக்கு மண்டபத்தில் இரண்டு பேர்

1. கிளி

வேலைக்குச் சேர்ந்த நாளில் நான் எடுத்த முதல் ரெலிபோன் அழைப்பு ஒரு கிளியைப் பற்றியது. பிளாக்டவுனில் இருந்து ஒரு அம்மா பேசினார். பச்சைக் கிளி, தமிழில் கூப்பிட்டால்தான் வரும், இரண்டு நாளாகக் காணவில்லை, செய்தியில் போட வேண்டும் என்றார். நான் எழுதிக்கொண்டே போனேன். "லைனில நிக்கிறீங்களோ?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

போனை வைத்ததும் முதலாளி சுந்தரம் அண்ணா தன் மேசையில் இருந்தபடி சொன்னார்: "ஆன்டன், போன்ல நீங்க தலையாட்டுறது அவங்களுக்குத் தெரியாதுங்க."

எனக்குப் பேச்சு வராது. அதாவது, தெரிந்தவர்களோடு வரும், மற்றவர்களோடு வராது. மன்னாரில் பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சிட்னிக்கு வந்து பல வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். நாரிநோ வந்தது, இடுப்பு நிமிராது. டொக்டர் பாரம் தூக்க வேண்டாம் என்றார். அப்போதுதான் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள இந்தச் சின்ன அச்சகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். தமிழ் டைப்பிங் எனக்குக் கொஞ்சம் தெரியும். சுந்தரம் அண்ணா மதுரைக்காரர். கல்யாணக் கார்ட், விசிட்டிங் கார்ட், கடைகளுக்கு பில் புத்தகம் எல்லாம் அடிப்பார். அதோடு மாதம் ஒரு முறை எட்டுப் பக்கத்தில் ஓர் இலவசச் செய்தித்தாள். சுற்றுவட்டாரத் தமிழ்க் கடைகளின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அது கிடக்கும்.

அதில் ஏழாம் பக்கம், நிகழ்வுகள் பக்கம், என் பொறுப்பு. கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், சங்கீத வகுப்பின் ஆண்டு விழா, பட்மின்டன் போட்டி, இலவசமாகக் கறிவேப்பிலைக் கன்று தருகிறவர், ரயிலில் டிபன் கேரியரை விட்டுவிட்டு வந்தவர், எல்லாரும் அந்தப் பக்கத்தில்தான். கடைசியில் நாலு வரி ஆங்கிலத்திலும் போடுவோம். மண்டபங்களிலும் நூலகத்திலும் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் குத்துவார்கள்.

கிளி பக்கத்து வீட்டுக் கராஜில் இருந்ததாம். பேப்பர் அச்சுக்குப் போகும் முன்பே கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. காணாமல் போனதையும் போடுங்கோ, கிடைத்ததையும் போடுங்கோ என்றார். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டோம்.

2. கழிக்கும் வழக்கம்

சுந்தரம் அண்ணா எனக்குச் சொல்லித் தந்த முதல் தொழில் பாடம் லேஅவுட்டோ புரூஃபோ இல்லை. நேரம்.

"நம்மாளுங்க போட்ட டைமுக்கு வரமாட்டாங்க ஆன்டன். ஆறு மணி ஃபங்ஷன்னா அஞ்சுன்னு போடுங்க. அப்பதான் ஆறரைக்காவது வந்து சேருவாங்க."

அப்படியே செய்து வந்தேன். விழா வைக்கிறவர்களும் எங்களுக்குப் போன் பண்ணும் முன்பே தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கழித்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாசிக்கிறவர்களுக்கோ இரண்டு பக்கமும் கழிப்பது தெரியும். அவர்கள் கூட்டிக்கொள்வார்கள். இவர்கள் கழிக்க, அவர்கள் கூட்ட, கடைசியில் எல்லாரும் ஏதோ ஒரு நேரத்துக்கு ஒன்றாய்ச் சேர்ந்துவிடுவார்கள். சண்டை வந்தது கிடையாது.

இதில் மாட்டிக்கொண்டவன் நான்தான். விழாக்களுக்குப் படம் எடுக்கப் போவது என் வேலை. பேப்பரில் போட்ட நேரத்துக்கே போய்விடுவேன். நிறைந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் நூறு முகம் திரும்பிப் பார்க்கும். அது எனக்கு ஒத்துவராது. வெறும் மண்டபம் என்றால் பின்மூலையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆட்கள் வரும்போது நானும் அங்கிருக்கும் மேசை கதிரைகளில் ஒன்றாகிவிடுவேன். அதனால் ஏணியில் நின்று திரை கட்டுகிறவர்களின் படம் என்னிடம் நிறைய உண்டு. "இப்பவே வந்திட்டீங்களோ? ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்பார்கள்.

3. பிலோமினா அக்காவின் வியாழக்கிழமை

ஒரு நாள் பிலோமினா அக்கா அச்சகத்துக்கு வந்தார். அவரும் மன்னார்தான். தேவாலயத்தில் பழக்கம். முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, ஒரு சின்ன நியூஸ் போடவேணும். பிள்ளையள் வேலைக்குப் போனாப் பிறகு இந்த வயசு போனதுகள் தனிய இருந்து நேற்றையான் சோத்தை மைக்ரோவேவில சூடாக்கிச் சாப்பிடுதுகள். கதைக்கவும் ஆளில்லை. கிழமையில ஒரு நாள், வியாழக்கிழமை, சுடச்சுட மத்தியானச் சாப்பாடு. ஆரும் வரலாம்."

நார்த்மீட் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தை அவர் பார்த்து வைத்திருந்தார். ஆனால் அதே வியாழக்கிழமையை ஒரு யோகா வகுப்பும் கேட்டிருந்தது. மண்டபக் கமிட்டியின் செயலாளர் மார்கிரட் என்ற அம்மா ஒரே ஒரு தடவை நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார். போதிய ஆட்கள் வர வேண்டும். இரண்டு மணிக்குள் மண்டபத்தைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு குழந்தைகளின் பாட்டு வகுப்பு இருக்கிறது. இரண்டும் நடந்தால் வியாழக்கிழமை அக்காவுக்கு, இல்லாவிட்டால் யோகாவுக்கு.

"எத்தனை மணி எண்டு போட அக்கா?"

"பன்னிரண்டு எண்டு போடுங்கோ."

புரூஃப் பார்த்த சுந்தரம் அண்ணா பேனாவை எடுத்தார். "ரெண்டு மணிக்கு மூடணும்ல? அப்ப பதினொண்ணுன்னு போடுங்க. சேஃப்."

தமிழிலும் பதினொன்று. கீழே ஆங்கிலத்திலும் பதினொன்று.

4. வெறும் மண்டபம்

அந்த வியாழக்கிழமை நான் பதினொரு மணிக்குப் போய் இறங்கினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மார்கிரட் மட்டும் நின்றார். எழுபது வயதிருக்கும், நல்ல உயரம், கழுத்தில் கயிறு கட்டிய சாவிக்கொத்து. கையில் எங்கள் பேப்பரில் வெட்டிய ஆங்கில வரிகள். அதைப் பார்த்துவிட்டு, அக்கா சொன்னபடி பன்னிரண்டுக்கு வரவேண்டியவர் முன்கூட்டியே வந்து திறந்திருக்கிறார்.

எல்லாரும் எங்கே என்று கேட்டார். வருவார்கள் என்றேன். எப்போது என்றார். நான் வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இப்பதான் மீன் குழம்பு இறக்கிறன் தம்பி. பதினொண்டுக்கு அங்க ஆர் வரச்சொன்னது?"

"நாங்கள்தான் அக்கா. பேப்பரில."

"நான் பன்னிரண்டு எண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம். சுந்தரம் அண்ணா ஒரு மணித்தியாலம் கழிச்சிட்டார்."

"நானே அரை மணித்தியாலம் கழிச்சுத்தானே உங்களுக்குச் சொன்னனான். சாப்பாடு பன்னிரண்டரைக்கு."

உள்ளே போய் மார்கிரட்டுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமாக நான் ஆங்கிலம் பேசியதே இல்லை. அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு, அப்படியானால் வருகிறவர்கள் எவ்வளவு கூட்டிக்கொள்வார்கள் என்றார். அது ஆளைப் பொறுத்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு மணி என்றால் எனக்கு இரண்டு மணிதான் என்றார்.

வேறு வேலை இல்லாததால் இரண்டு பேருமாகக் கதிரை விரித்தோம். மடிக்கும்போது கீழ்க்கம்பியைக் காலால் தட்ட வேண்டும், கையால் இழுத்தால் விரல் மாட்டும் என்று காட்டித் தந்தார்.

5. கதிரை

பன்னிரண்டுக்கு அக்காவும் அவருடைய கணவர் சேவியர் அண்ணையும் பானைகளோடு வந்தார்கள். பன்னிரண்டரைக்கு ஆறு பேர் இருந்தார்கள். அக்கா ஒவ்வொரு தரமும் கதவைப் பார்ப்பதும் பானையை மூடுவதுமாக நின்றார். யோகா வகுப்புக்காரர்கள் கதிரையே கேட்க மாட்டார்கள், பாய் மட்டும்தான் என்று சேவியர் அண்ணை சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தண்ணீர்ப் போத்தல் எடுக்க வான் வண்டிக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்குக் கிட்ட, சொல்லிவைத்தது போல, கார் காராக வந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் உட்கார இடமில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, சொதி. திருச்சியில் இருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் சொதியைத் தட்டில் ஊற்றிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா, இது ரசம் இல்லீங்களா? வெள்ளையா இருக்கே."

"சொதி ஐயா. தேங்காய்ப்பால். சாப்பிட்டுப் பாருங்கோ, பிறகு ரசத்தைத் தேடமாட்டியள்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க, எங்க வீட்டுல காதுல விழுந்தா வம்பு" என்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

ஆட்கள் வந்தாயிற்று. இப்போது போக வேண்டும். ஒன்றரை ஆகியும் ஒருவரும் அசையவில்லை. தேத்தண்ணி வந்தது. ஒருவர் தன் முழங்கால் ஒப்பரேஷனைத் தொடங்கினார். சுற்றியிருந்தவர்கள் தங்கள் முழங்கால்களைப் பற்றிச் சொல்ல முறை வைத்துக் காத்திருந்தார்கள். மார்கிரட் கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். குசினியில் இருந்து அக்கா ஈரக்கையோடு வந்தார்.

"தம்பி, ஒருக்கா மைக்கில சொல்லிவிடுங்கோவன். இல்லாட்டி இண்டையோட முடிஞ்சுது."

மைக் மேடையில் இருந்தது. மேடைக்கு மூன்று படி. நான் இரண்டாவது படி வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகமும் தெரிந்தது. திரும்பி இறங்கிவிட்டேன்.

அப்போது ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள் பப்படம் எடுக்க எழுந்து போனார். நான் அவருடைய கதிரையைக் காலால் தட்டி மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் இன்னொருவர் தண்ணீருக்கு எழுந்தார். அதையும் எடுத்தேன்.

அங்கிள் பப்படத்தோடு வந்து நின்றார். "தம்பி, இதில ஒரு கதிரை இருந்தது."

"ஓம் அங்கிள்."

"எங்க?"

"உள்ள வைச்சிட்டன்."

"நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை."

"நிண்டு சாப்பிட்டா நல்லாச் செமிக்கும் அங்கிள்."

அவர் என்னையும் பார்த்தார், வெறும் இடத்தையும் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "எழும்பும் எழும்பும். இவர் ஆள் இருக்கிற கதிரையையும் எடுப்பார் போல கிடக்கு."

அந்த அன்ரி எழுந்தது பக்கத்து மேசைக்குத் தெரிந்தது. தங்களுடையதை நான் எடுக்கும் முன் தாங்களே எடுத்தால் மரியாதை என்று சிலர் மடிக்கத் தொடங்கினார்கள். திருச்சிப் பெரியவர் ரயில்வேயில் இருந்தவராம். களஞ்சிய அறை வாசலில் போய் நின்றுகொண்டார். "ஒண்ணு ஒண்ணா குடுங்க. தூக்கிப் போடாதீங்க. ஏங்க, இடிக்காதீங்க, வரிசை, வரிசை." முழங்கால் ஒப்பரேஷன் செய்தவரும் ஒரு கதிரை கொண்டுவந்தார். சேவியர் அண்ணை பின்னாலேயே ஈரத்துடைப்பத்தோடு வந்தார். ஈரத்தில் நிற்க முடியாமல் மிச்சப் பேர் கதையைக் கார் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பாட்டு வகுப்புக்குக் கைக்குழந்தைகளோடு தாய்மார் வாசலுக்கு வந்தபோது தரை காய்ந்துகொண்டிருந்தது.

மார்கிரட் குசினிக்குள் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். அக்கா கையைத் துடைத்துத் துடைத்து நின்றார். மார்கிரட் வெளியே வந்து, வியாழக்கிழமை உங்களுக்குத்தான் என்றார். அக்கா அவரைக் கட்டிப்பிடித்ததில் மீன் குழம்பு அவர் சட்டையிலும் கொஞ்சம் பட்டது. மார்கிரட் சட்டையைப் பார்த்தபடி, ஆனால் ஒரு நிபந்தனை என்றார். அடுத்த தடவை உண்மையான நேரத்தைப் போடுங்கள், என்னைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்.

6. ஏழாம் பக்கம் இப்போது

அடுத்த இதழுக்குச் சுந்தரம் அண்ணாவிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, இனி உண்மையான நேரத்தைத்தான் போடப்போறன்."

"ஒருத்தரும் வரமாட்டாங்க ஆன்டன்."

"அந்தம்மா வருவா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, உங்க பக்கம். உங்க பொறுப்பு."

நான் எழுதியது இவ்வளவுதான்: சாப்பாடு பன்னிரண்டரைக்கு. ஒன்றேகாலுக்குப் பானை கழுவப்படும். முதல் வாரம் பழக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கிடைத்தன. ஒருவர் பேப்பரையே எடுத்துக்காட்டி என்னோடு சண்டைக்கு வந்தார். அதில் போட்டிருந்த நேரம் சரியாக இருந்ததுதான் அவருடைய முறைப்பாடு. "நீங்கள் இப்படிப் போடுவியள் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். இரண்டு மூன்று கிழமைக்குள் பன்னிரண்டு மணிக்கே வரிசை நின்றது.

எல்லா விழாவுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. நடன அரங்கேற்றத்தில் கழுவுவதற்குப் பானை இல்லை. ஆனாலும் இப்போது போன் எடுத்தால் விவரம் எழுதிவிட்டு, "உண்மையில எத்தனை மணிக்குத் தொடங்குவியள்?" என்று கேட்கிறேன். மறுமுனையில் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு சிரித்துக்கொண்டு சொல்வார்கள். வேறு எதையும் நான் அவ்வளவு பேசுவதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் விடுவதில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் உங்கள் பக்கத்தை வாசித்து, கூட்டிக் கழித்து, தங்களுக்கு வசதியான நேரத்துக்கு வருவார்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர்கள் எப்படியும் வந்து சேர்வார்கள். எங்கோ ஒருவர் மட்டும், நம் பழக்கம் தெரியாதவர், நீங்கள் எழுதியதை அப்படியே நம்பி, நேரத்தோடு புறப்பட்டு வந்து நிற்பார். நேரத்தை அவருக்காக எழுதுங்கள்.