நான் எழுதாத இரண்டு பெயர்கள்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிறவன் நான். இதையும் நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரம். மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம்தான். தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய யானெஸ் யூகோஸ்லாவியாக்காரர், எங்களைப் போலக் கத்தோலிக்கர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உலகப் போரின்போது அவருடைய தகப்பனைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் வீட்டிலிருந்து கூட்டிப்போய்ச் சுட்டார்களாம். ஊர்க் கோயிலில் மணி அடித்தவர், அதுதான் குற்றம். உடலும் கிடைக்கவில்லை, பூசையும் நடக்கவில்லை. பெயர் சொல்லி அழக்கூட விடவில்லையாம்.

நவம்பரில் நடக்கும், இறந்தவர்களுக்கான பூசையில் எங்கள் ஆட்களின் பெயர்களைத் தமிழில் வாசிக்கப் பாதர் விட்டிருந்தார். பட்டியல் எழுதியது நான். இராணுவம் சுட்ட என் அண்ணன் சேவியரின் பெயரும் அதில் இருந்தது.

"உங்கட அப்பான்ர பேரைச் சொல்லுங்கோ, சேர்த்து வாசிக்கிறன்" என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் யானெஸைக் கேட்டேன்.

"வேண்டாம். ஊரில இன்னும் அவங்கட ஆட்சிதான். அக்கா அங்கதான் இருக்கிறா."

டென்மார்க்குக்கு வந்துமா பயம்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே கடைசியில் ஒரு வரியைக் காலியாக விட்டேன். அங்கே 'ஒரு தகப்பன்' என்று சொல்வதாக எண்ணம்.

அந்த வரி வந்ததும் என் வாய் "யெர்னெய்" என்றது. நான் சுதாரிப்பதற்குள் "ஸ்தானே" என்றும் சொன்னது. சத்தியமாக இரண்டும் நான் கேள்விப்படாத பெயர்கள். பின்வரிசை வாங்கில் இருந்த யானெஸ் முழந்தாளில் விழுந்து அழுதார்.

பூசை முடிந்ததும் என் சட்டையைப் பிடித்தார். "அப்பான்ர பேரை ஆர் உனக்குச் சொன்னது? மற்றது ஆர்?"

அக்காவுக்கு எழுதிக் கேட்டார். மாசியில் பதில் வந்தது. அன்று கதவைத் தட்டித் தகப்பனை வெளியே கூப்பிட்டவன்தான் ஸ்தானே. அவனும் செத்து இரண்டு வருடம், பூசை கேட்க ஆளில்லை.

"யானெஸின்ர அப்பா அவனை மன்னிச்சிட்டார் போல" என்றாள் என் மனைவி ரீற்றா.

"அவர் மன்னிக்கட்டும். நான் ஒருத்தரையும் மன்னிக்க மாட்டன்" என்றேன்.

அடுத்த வருடம் யானெஸ் இரண்டு பெயரையும் தன் கையாலேயே எழுதித் தந்தார். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, ஆனாலும் வாசித்தேன். இன்றைக்கும் பட்டியல் வாசிப்பது நான்தான். பயமெல்லாம் கிடையாது. ஆனால் அண்ணன் பெயரைச் சொன்னதும், வேறு பெயர் எதுவும் வாயில் வருவதற்குள், மூச்சு விடாமல் பட்டியலின் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறேன்.