மாப்பிள்ளை பேசும் நேரத்தில் ஓர் அப்டேட்

போன வாரம். தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரி அறை. அன்று விடியற்காலையில் பிறந்த பெண் குழந்தை ஒன்று தொட்டிலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அழகைப் பார்க்காமல், அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் தெரியுமா?

ஒரு செல்போனை!

அதுவும் வேலை செய்யாத செல்போனை. கறுப்புத் திரை. நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். அதற்குக் கீழே நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு கோடு. 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று ஒரு மிரட்டல் வேறு.

நான் அங்கே எப்படிப் போனேன்? என் தங்கை மகள் காயத்ரிக்கு அங்கேதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தங்கைக்கு முதுகுவலி. ஆகவே பெரியம்மாவாகிய நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பிளாஸ்க்கும் பூண்டு ரசமுமாகப் போய் டியூட்டி பார்த்தேன். இரண்டு படுக்கை கொண்ட அறை. நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம், அந்தக் கொட்டாவிக் குழந்தையைப் பெற்ற ஷபானா, அவளுடைய அம்மா ரஹ்மத், அத்தா கரீம் பாய். கரீம் பாய்க்கு பெரிய கடை வீதிப் பக்கம் சூட்கேஸ், பை ரிப்பேர் செய்கிற கடை.

திரைச்சீலை என்று பெயர்தான். ரஹ்மத், "மாமி, டீ குடிக்கிறீங்களா?" என்று தலையை நீட்டினார். நான் ரசத்தை நீட்டினேன். அதற்கப்புறம் அந்தத் திரையை யார் மதித்தார்கள்?

அறையில் ஏசி இருந்தது, டிவி இருந்தது, சுடுதண்ணீர்கூட வந்தது. சிக்னல் மட்டும் கிடையாது. கிழக்கு ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றால் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஓர் அடி உள்ளே வந்தால் போயே போய்விடும். எனக்கு இது புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி அன்று எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். முண்டியடித்துப் பெருமாளைக்கூடச் சேவித்துவிடலாம்... கூட்டத்தில் கைநழுவிப் போன வீட்டுக்காரரைப் போனில் பிடிக்க முடியாது!

ஆனால் அன்று அந்தச் சிக்னலை நம்பி ஒரு பெரிய காரியம் காத்திருந்தது.

குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிறார்களே, அதே வாசகங்கள். அதை மெதுவாக, குழந்தைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார்கள். அப்பா சொல்லலாம், தாத்தா சொல்லலாம். சீக்கிரமே சொல்லிவிடுவதுதான் வழக்கம் என்றார் ரஹ்மத்.

இந்தக் குழந்தையின் அப்பா ரியாஸ் சவூதியில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கு ஓர் ஆசை. தன் மகளின் காதில் விழுகிற முதல் பாங்கு தன் குரலாக இருக்க வேண்டும். போனிலாவது சொல்லிவிட வேண்டும். ஷபானாவுக்கும் அதே ஆசை. விடியற்காலையில் ரியாஸ் கூப்பிட்டபோது முகம் அப்படியே உறைந்து நின்று, குரல் துண்டு துண்டாக வந்து, அழைப்பு அறுந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுகிறேன் என்று மெசேஜ் போட்டிருந்தார். அதற்கப்புறம் கம்பெனி பஸ் ஏறிப் பாலைவனத்துக்குள் ஏதோ ஒரு சைட்டுக்குப் போகிறார். அங்கே டவரே கிடையாது. மறுபடி பேச வாரக்கணக்கில் ஆகும்.

காலையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "பாங்கு சொல்லியாச்சா?"

கரீம் பாய் ஒவ்வொரு தடவையும், "சொல்லணும், சொல்லணும்" என்று சிரித்து மழுப்பினார். அவரே சொல்லிவிட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். பேத்தியைக் கையில் வாங்கும்போதெல்லாம் அவர் பார்வை அந்தக் காதில் போய் நின்றதை நான் பார்த்தேன்.

சரி, அப்டேட் எப்படி வந்தது?

ரஹ்மத்தின் கைங்கரியம். மகள் தூங்கும்போது அவள் போனைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். 'புதிய அப்டேட் தயார், உங்கள் போன் இன்னும் சிறப்பாக இயங்கும்' என்று தமிழிலேயே ஒரு செய்தி வந்தது. மாப்பிள்ளை பேசப் போகிற நேரம். அவர் ஏற்கெனவே கட்டில் விரிப்பை மாற்றியிருந்தார், குழந்தைக்குப் புதுத் துணி சுற்றியிருந்தார், முகம் கழுவித் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். போன் மட்டும் பழசாக இருக்கலாமா? 'சரி' என்பதை அமுக்கிவிட்டார்.

"வீட்டுக்கு மாப்பிள்ளை வர்றார்னா வாசலைக் கூட்டி வைக்க மாட்டோமா மாமி? அப்படி நினைச்சுத்தான் அமுக்குனேன். காலைல அவர் பேசுனது விட்டு விட்டுக் கேட்டுச்சுல்ல... இது சரிபண்ணிடும்னு நினைச்சேன்."

என் போனும் இதே மாதிரி தினமும் கெஞ்சும். நான் தினமும் 'பிறகு' என்று தள்ளுவேன். சோம்பேறித்தனம்தான். ரஹ்மத் ஓர் அக்கறையான மாமியார். ஆகவே மாட்டிக்கொண்டார்.

ஷபானா விழித்தாள். போனைப் பார்த்தாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

நான் வீரமாக என் போனை எடுத்தேன். "நம்பரைச் சொல்லும்மா, இதிலேருந்து கூப்பிடலாம்."

"போன மாசம்தான் புது சிம் மாத்தினாரு மாமி. நம்பர் அந்தப் போன்லதான் இருக்கு."

ரியாஸின் தம்பிக்குத் தெரியுமே! துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறாராம். அவர் நம்பர்? அதுவும் அந்தப் போனில்தான். கரீம் பாயின் போன்? விடியற்காலை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது, போய் எடுத்து வர நேரமில்லை. ரஹ்மத்துக்குத் தனிப் போனே கிடையாது.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கட்டிய கணவன் நம்பர் மனப்பாடமாகத் தெரியாதா? சட்டென்று என்னையே சோதித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் நம்பர்... தொண்ணூற்று நாலு... நாற்பத்து மூன்று... அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று! நெருக்கமானவர்கள் எல்லோரையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி, சாவியை அந்த டப்பாவிடமே கொடுத்து வைத்திருக்கிறோம். அது கொஞ்சம் இரு என்று சொன்னால் நாம் இருக்க வேண்டியதுதான்.

இருந்தோம். கோடு நகர்ந்தது. நின்றது. பின்னால் போன மாதிரிகூட இருந்தது.

ரஹ்மத் தாங்க முடியாமல் கணவரிடம் சொன்னார். "நேரமாகுதுங்க. புள்ளைய எவ்வளவு நேரம் இப்படியே வெச்சிருக்கிறது? நீங்களே சொல்லிடுங்க. மாப்பிள்ளைகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கரீம் பாய் தொட்டிலைப் பார்த்தார். அப்புறம் மகளின் முதுகைப் பார்த்தார்.

"இவ பொறந்தப்ப நானும் சவூதிலதான் இருந்தேன் மாமி" என்றார் என்னிடம். மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதிலை என்னிடம் சொன்னார். "புள்ள பொறந்த சேதியே எனக்கு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. யாரோ நல்லவங்க பாங்கு சொல்லியிருக்காங்க. இவளுக்குக் கல்யாணம் ஆகி, புள்ளையும் பொறந்தாச்சு. இன்னும் அது எனக்கு ஆறல. மாப்பிள்ளைக்கு அந்தக் குறை வேணாம். பாத்துடுவோம், கொஞ்சம் பொறுங்க."

ஷபானா மெல்ல இந்தப் பக்கம் திரும்பி அத்தாவைப் பார்த்தாள். இதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை போலிருக்கிறது.

அந்த நேரத்தில் போன் லேசாக அதிர்ந்தது. திரை வெளுத்தது. வந்துவிட்டது!

உடனே வேலை செய்துவிடுமா? அப்டேட் ஆன போனுக்கு எவ்வளவு பிகு! பூட்டைத் திற என்றது. செயலிகளைச் சரிசெய்கிறேன் என்றது. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது பார்க்கிறாயா என்று கேட்டது. எல்லாம் முடிந்து, மேலே மூலையில் 'சேவை இல்லை' என்று காட்டியது.

"ஜன்னல்! ஜன்னல்!" என்று கத்தினேன். காயத்ரியின் பிள்ளை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தான். அவள் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, "பெரியம்மா, மெதுவா" என்றாள். என்னால் மெதுவாக இருக்க முடியவில்லை.

போனுடன் ஜன்னலுக்கு ஓடினார் ரஹ்மத். சிக்னல் எட்டிப் பார்த்ததும் போன் அலறியது. ரியாஸ்!

"எத்தனை தடவை கூப்பிட்டேன்... சுவிட்ச் ஆஃப்னே வருது! புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? பஸ் வந்துருச்சு, ஏறச் சொல்றாங்க..."

"எல்லாரும் நல்லா இருக்கோம் மச்சான், நீங்க சொல்லுங்க, மொதல்ல பாங்கைச் சொல்லுங்க!" என்று கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள் ஷபானா.

ஒரு சிக்கல். பாங்கு சொல்லும்போது முகம் மெக்கா இருக்கிற திசையில், மேற்கே பார்க்க வேண்டும். சிக்னல் இருப்பதோ கிழக்கு ஜன்னலில். கரீம் பாய் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் கம்பியில் முதுகைச் சாய்த்து மேற்கே பார்த்து நின்றார். ரஹ்மத் கம்பியோரமாகக் கையை நீட்டிக் குழந்தையின் வலது காதருகே போனைப் பிடித்தார். திரையில் ரியாஸ். தலையில் தொப்பி, பின்னால் வெள்ளை வெயில், ஒரு பஸ். கண்ணை மூடிக்கொண்டார்.

"அல்லாஹு அக்பர்... அல்லாஹு அக்பர்..."

அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டுகிற மனிதரின் குரல் அப்படிக் குழையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குழந்தை கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியது. அடுத்த வரி வந்தது. அதற்கடுத்த வரி பாதி வந்தது...

படம் நின்றுவிட்டது. 'மீண்டும் இணைக்கிறது' என்று எழுத்து. சத்தமில்லை.

நான் இத்தனை வருஷம் ரங்கநாதரிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறேன், சிக்னல் கேட்டது அன்றுதான்.

கரீம் பாய் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் குனிந்தார். மருமகன் விட்ட இடத்திலிருந்து அந்த வரியை எடுத்தார். சன்னமான குரல், ஆனால் ஒரு பிசிறில்லை. கண்ணிலிருந்து வழிந்தது தாடிக்குள் போனது. அதைத் துடைக்கக் கை இல்லை. ஒரு வரி முடித்து அடுத்த வரிக்குப் போனார். அதை முடித்து அதற்கடுத்த வரியைத் தொடங்கினார்...

அப்போது போன் உயிர்பெற்றது. ரியாஸ் இன்னும் கண்ணை மூடித்தான் இருந்தார். இணைப்பு அறுந்ததே அவருக்குத் தெரியவில்லை! அங்கே அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். என்ன ஆச்சரியம் என்றால், கரீம் பாயின் வாயில் இருந்த அதே வரிதான் போனிலிருந்தும் வந்தது. ஒரு கணம் இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்தன. கரீம் பாய் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மீதியை அப்பாவே சொல்லி முடித்தார். குழந்தைக்கு நடுவில் ஓர் இடைவெளியும் தெரிந்திருக்காது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காயத்ரி திரைச்சீலையை முழுக்க ஒதுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ரியாஸ் கண்ணைத் திறந்தார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு கால் படியில்.

"மாமு... புள்ளைக்கு எல்லாம் கேட்டுச்சா? நடுவுல எதுவும் விட்டுப் போகலையே?"

ரஹ்மத் கணவரைப் பார்த்தார். ஷபானா அத்தாவைப் பார்த்தாள். கரீம் பாய் பேத்தியின் காதை ஒரு விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஒரு எழுத்துகூட விட்டுப் போகல மாப்ள. நிம்மதியா பஸ் ஏறுங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!