அப்பா கேட்ட வீடியோ

1. தாய்லாந்தில் ஒரு மொழிப் பள்ளியில் எனக்கு ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது.
2. முதல் மாதமே பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். வெள்ளைக்கார ஆசிரியை என்று நம்பித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்களாம்.
3. ஊர் சுற்ற வந்திருந்த பொன்னிற முடிக்காரி ஒருத்தியைப் பள்ளி வேலைக்கு எடுத்தது. அவளுக்கும் ஆங்கிலம் தாய்மொழியல்ல.
4. அவள் வகுப்பின் முன்னால் நின்றாள். அவள் பேச வேண்டியதை நான் கடைசி வரிசையில் அமர்ந்து எழுதிக் கொடுத்தேன்.
5. அப்பா வீடியோ கேட்டார்.

முதல் நான்கும் எனக்கு நடந்தவை. ஐந்தாவது அப்பாவுக்கு நடந்தது.

அப்பா இலங்கையில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். நான் விமானம் ஏறியதிலிருந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவருக்கு என்னைத் தவிர வேறு பேச்சில்லை. நான் பாடம் நடத்துவதை அங்கே எல்லோருக்கும் காட்ட ஆசைப்பட்டார். நான் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டேன். இதற்கிடையில் பள்ளி விளம்பரத்துக்காக ஒரு வகுப்பைப் படமாக்கி இணையத்தில் போட்டது. கணினி டிப்ளோமா படித்தவள் என்று கேமராவை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அப்பா அதை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டுப் பெரட்டிலிருந்தே அழைத்தார்.

"ஏம்மா, இதுல நீ எங்க இருக்க?"

"நாந்தாம்பா வீடியோ புடிச்சேன்."

 அப்பா போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவன் சிரிப்பது கேட்டது.

"என்னா மாமா, ஒங்க மக அங்க போயி வெள்ளையாயிருச்சா? எங்களுக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்க!"

"டேய், மூட்ரா வாய. அந்தப் புள்ள பேசுற ஒவ்வொரு சொல்லும் எம் மக எழுதிக் குடுத்தது."

களமே சிரித்தது.

எழுதிக் கொடுப்பதைப் பற்றி நான் அப்பாவிடம் மூச்சு விட்டதில்லை. என்னைக் காப்பாற்ற வாயில் வந்த பொய்யைச் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அது உண்மை என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. பொய்யாக இருந்தபோது அதில் அவருக்குப் பெருமையாவது இருந்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து வேறு நாட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துத் தேர்வுகளில் தேறுகிறேன். நேர்காணலில் என் முகம் திரையில் தெரிந்ததும் அவர்கள் மிகவும் கனிவாகிவிடுகிறார்கள், கேள்விகள் குறைந்துவிடுகின்றன.

நான் லீவில் வந்திருப்பதாக அப்பா பெரட்டில் சொல்லிவைத்திருக்கிறார். எந்த லீவும் இவ்வளவு நீளாது என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இப்போது யாரும் அவரைக் கேலி செய்வதில்லை.